பாட்டு முடிஞ்சதும் "இப்போ ஜெபிக்கலாம்"னு சொல்லாதீங்க

வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல போகிற போக்குல "பாடுறதும் ஜெபம்தான்"னு ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இவ்வளவு பேர் எழுதுவீங்கன்னு எதிர்பார்க்கல. சிலர் சந்தோஷமா, சிலர் கோபமா, ரெண்டு மூணு பேர் அழுதுகிட்டே எழுதின மாதிரி இருந்துச்சு. எல்லாத்தையும் படிச்சேன். இடம் இருக்கிற அளவுக்கு சில கேள்விகளை இங்க எடுத்திருக்கேன். பேர் போட வேணாம்னு நிறைய பேர் கேட்டதால யார் பேரும் போடல.

அக்கா, எங்க சபையில ஆராதனைன்னா நாப்பது நிமிஷம் பாட்டு, பத்து நிமிஷம் ஜெபம். உபவாச ஜெபத்துலயும் இதே கதைதான். பாட்டை குறைச்சு ஜெபத்தை கூட்டலாமேன்னு கமிட்டியில சொன்னேன், எனக்கு ஆராதனையே பிடிக்காதுன்னு பேசிட்டாங்க. நான் கேட்டது தப்பா? — சபை மூப்பர் ஒருவர்

கேட்டது தப்பே இல்ல அண்ணா. ஜெபம் குறையுதேங்கிற பாரம் இருக்கிறவங்கதான் இப்படி கேப்பாங்க. ஆனா நீங்க போட்ட கணக்குல ஒரு விஷயம் இடிக்குது. பாட்டை ஒரு பக்கம், ஜெபத்தை இன்னொரு பக்கம் வச்சு நிமிஷம் எண்றீங்க. பைபிள் அப்படி பிரிக்கவே இல்ல. சங்கீதம் 72-ஓட கடைசி வசனத்தை எடுத்துப் பாருங்க, "ஈசாயின் புத்திரனாகிய தாவீதின் விண்ணப்பங்கள் முடிந்தது"ன்னு இருக்கும். அதுவரைக்கும் வந்தது எல்லாமே பாட்டு, ஆனா அதுக்கு அவங்க வச்ச பேரு விண்ணப்பம்! ஆபகூக் 3-ம் அதிகாரமும் அப்படித்தான், ஆரம்பத்துலயே இது தீர்க்கதரிசி செஞ்ச விண்ணப்பம்னு போட்டிருக்கு, முடிக்கும்போது இதை வாத்தியத்தோட வாசிக்க இராகத்தலைவன்கிட்ட கொடுத்ததா எழுதியிருக்கு. அத்திமரம் துளிர்விடாம போனாலும்னு நாம கண்ணீரோட சொல்ற அந்த வசனம் அந்த ஜெபத்துலதான் வருது, அதுக்கு மியூசிக் டைரக்‌ஷனோட சேர்த்து!

ஆதி சபையிலயும் இதேதான். கி.பி. 112 வாக்குல பிளினின்னு ஒரு ரோம கவர்னர், கிறிஸ்தவங்களை விசாரிச்சுட்டு ராயனுக்கு, அதாவது ரோமப் பேரரசருக்கு, லெட்டர் எழுதுறார். இவங்க ஒரு குறிப்பிட்ட நாள்ல விடியுறதுக்கு முன்னாடி கூடி, கிறிஸ்துவை தெய்வமா நினைச்சு அவருக்குப் பாட்டு பாடுறாங்கன்னு அதுல சொல்றார். வெளியில இருந்து பாத்த ஒருத்தர் கண்ணுல முதல்ல பட்டது அந்தப் பாட்டுதான்.

அப்போ உங்க சபையில பிரச்சனை எங்கன்னா, நாப்பது நிமிஷம் பாடியும் யாரும் ஜெபிக்கலங்கிறதுதான். வாய் பாடுது, மனசு அடுத்த பாட்டு என்னன்னு யோசிக்குது. அப்புறம் நடத்துறவர் மைக்ல "பாட்டு போதும், இப்போ ஜெபத்துக்குள்ள போலாம்"னு சொல்வாரு பாருங்க, அந்த ஒரு வாக்கியத்தை முதல்ல நிறுத்தச் சொல்லுங்க, அதுதான் இவ்வளவு நேரம் நடந்தது ஜெபம் இல்லன்னு ஜனங்களுக்கு பாடம் எடுக்குது.

நாங்க ஒரு தடவை செஞ்சதை சொல்றேன். ஒரு உபவாச ஜெபத்துல ஒரே ஒரு பாட்டுதான் எடுத்தோம், பழைய பாட்டு, நாலு சரணம். ஒரு சரணம் பாடுறது, நிறுத்துறது, அந்த சரணத்துல இருக்கிற வார்த்தையை வச்சே யாராவது ஒருத்தர் ஜெபிக்கிறது, அப்புறம் அடுத்த சரணம். ரெண்டாவது சரணம் முடிஞ்சு அமைதியா இருந்தப்போ, பின்னாடி தூண் ஓரமா எப்பவும் உக்காருற ஒரு அம்மா ஜெபிச்சாங்க. பதினோரு வருஷமா அந்த ஜெபக்கூட்டத்துக்கு வர்றவங்க, ஒரு நாளும் வாய் திறந்து சத்தமா ஜெபிச்சது கிடையாது, எனக்கு ஜெபிக்கத் தெரியாதும்மான்னு சொல்லி ஒதுங்கிடுவாங்க. அன்னைக்கு அந்த சரணத்தோட கடைசி வரியை அப்படியே சொல்லிட்டு, "ஆண்டவரே, இது என் மகனுக்கும் ஆகட்டும்"னாங்க. அவ்வளவுதான், ஒரே மூச்சு. பாட்டு அவங்களுக்கு வார்த்தை கொடுத்துச்சு அண்ணா, சொந்தமா வார்த்தை கிடைக்காதவங்களுக்கு. கமிட்டியில நிமிஷக் கணக்கை பேசாம இதை ஒரு மாசம் செஞ்சு பாக்கலாம்னு கேளுங்க.

துதிச்சா சிறைக்கதவு திறக்கும், துதி ஒரு ஆயுதம்னு எல்லா கூட்டத்துலயும் சொல்றாங்க. வேலை போய் எட்டு மாசம் ஆச்சு. தினமும் காலையில ஒரு மணி நேரம் துதிச்சுதான் நாளை ஆரம்பிக்கிறேன். கதவு திறக்கல. என் துதியில என்ன குறை? — வேலை தேடும் வாசகர்

தம்பி, உங்க துதியில குறை இருக்குன்னு நான் சொல்லமாட்டேன். எட்டு மாசம் கதவு திறக்காம இருந்தும் காலையில எழுந்து பாடுறீங்க, அது சின்ன காரியம் இல்ல. உங்களுக்கு சொல்லிக்கொடுத்த விதத்துலதான் குறை இருக்குன்னு நினைக்கிறேன்.

அப்போஸ்தலர் 16-ஐ மெதுவா படிங்க. பவுலுக்கும் சீலாவுக்கும் முதுகுல அடி, காலைத் தொழுமரத்துல மாட்டியிருக்காங்க, உள்காவல், நடுராத்திரி. "ஜெபம்பண்ணி, தேவனைத் துதித்துப்பாடினார்கள்"னு எழுதியிருக்கு. கதவைத் திறக்கச் சொல்லி பாடினாங்கன்னு எழுதல. அந்த வசனத்தோட அடுத்த பாதியை நிறைய பேர் விட்டுடுறோம், "காவலில் வைக்கப்பட்டவர்கள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்." பூமி அதிர்ந்து கதவு எல்லாம் திறந்தப்புறமும் பவுல் வெளிய ஓடல பாருங்க. உள்ளயே நின்னு, கைதிங்க தப்பிச்சுட்டாங்கன்னு நினைச்சு தன்னையே கொன்னுக்க கத்தியை உருவின சிறைச்சாலைக்காரனைப் பாத்து உனக்கு ஒண்ணும் பண்ணிக்காதேன்னு சத்தம் போடுறார். அன்னைக்கு ராத்திரியே அந்த மனுஷன் வீடு முழுக்க ஞானஸ்நானம் வாங்குது. திறந்த கதவால பவுல் வெளிய போகல, அந்தக் குடும்பம் உள்ள வந்துச்சு.

அப்புறம் இன்னொண்ணு. அதே பிலிப்பி ஊருக்கு பவுல் பின்னாடி ஒரு நிருபம் எழுதுறார், அதுவும் கட்டுகள்ல இருந்துதான். அந்த தடவை நிலநடுக்கம் எதுவும் இல்ல. "கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்"னு அங்க இருந்துதான் எழுதுறார். அதைப் படிச்ச பிலிப்பி சபையில அந்த சிறைச்சாலைக்காரனும் உக்காந்திருப்பான்னு நினைச்சுப் பாக்கும்போதெல்லாம் எனக்கு உள்ள என்னவோ பண்ணும்.

யூதா ராஜா யோசபாத் கதையும் அப்படித்தான், 2 நாளாகமம் 20. பாடகர்களை ராணுவத்துக்கு முன்னாடி நடக்க விட்டாரு, எதிரி தோத்தான், உண்மை. ஆனா அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு? யோசபாத் பயந்தான்னு பைபிளே சொல்லுது, உபவாசம் கூறினான், ஜனங்க குழந்தைகுட்டியோட வந்து நின்னாங்க, "நாங்கள் செய்யவேண்டியது இன்னதென்று எங்களுக்குத் தெரியவில்லை; ஆகையால் எங்கள் கண்கள் உம்மையே நோக்கிக்கொண்டிருக்கிறது"ன்னு ஜெபிச்சாங்க. கர்த்தர் வார்த்தை கொடுத்தாரு, யுத்தம் உங்களுடையதல்லன்னு. அந்த வார்த்தையை நம்பினதாலதான் மறுநாள் பாட்டு வந்துச்சு. பாட்டு போட்டு கர்த்தரை அசைச்சாங்கன்னு சொன்னா அது தலைகீழ்.

"இஸ்ரவேலின் துதிகளுக்குள் வாசமாயிருக்கிற தேவரீரே"ன்னு எல்லா ஆராதனையிலயும் சொல்றோமே, அது சங்கீதம் 22-ல மூணாவது வசனம். முதல் வசனம் என்ன தெரியுமா? "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்." ஒரே பாட்டு தம்பி. கைவிட்டீரேன்னு கதறுற அதே வாய்தான் துதிகளுக்குள் வாசமாயிருக்கிறீர்னும் பாடுது. அதனால காலையில பாடும்போது வேலை இல்லையேன்னும் சேர்த்துப் பாடுங்க, மறைச்சுகிட்டு சந்தோஷ முகம் காட்ட வேண்டியதில்ல. பாடி முடிச்சுட்டு அப்ளிகேஷனும் போடுங்க, தெரிஞ்சவங்ககிட்டயும் சொல்லி வைங்க. உங்க சபையில யாருக்கும் இந்த விஷயம் தெரியாதுன்னு கடிதத்தோட கடைசியில எழுதியிருக்கீங்களே, அதைத்தான் முதல்ல மாத்துங்க.

எனக்கு சுருதி சேராது. பாடினா பக்கத்துல இருக்கிறவங்க திரும்பிப் பாக்குறாங்க. வாயை மட்டும் அசைச்சுட்டு நிக்கலாமா?

வேணாம். பாடுங்க. "கர்த்தரைக் கெம்பீரமாய்ப் பாடுங்கள்"னு சொன்னது பூமியின் குடிகள் எல்லாருக்கும், தனியா குரல் உள்ளவங்களை மட்டும் கூப்பிடல. திரும்பிப் பாக்குறவங்க பாக்கட்டும். மைக் முன்னாடி நிக்கிறதுக்கு மட்டும்தான் சுருதி வேணும்.

என் கணவர் போன வருஷம் இறந்துட்டார். அதுக்கப்புறம் சபையில பாட்டு ஆரம்பிச்சாலே தொண்டை அடைச்சுக்குது. "பாடுங்க சிஸ்டர், துதிச்சா பாரம் போயிடும்"னு கையைப் பிடிச்சு தூக்கி விடுறாங்க. எனக்கு கர்த்தர் மேல கோபம் இல்ல. ஆனா பாட முடியல. நான் பின்மாற்றத்துல இருக்கேனா? — ஒரு வாசகி

தங்கச்சி, இல்ல. இல்லவே இல்ல.

உங்க கையைத் தூக்கி விடுறவங்க அன்பாத்தான் செய்றாங்க, ஆனா நீதிமொழிகள் 25:20-ஐ அவங்க வாசிக்கணும். மனதுக்கமுள்ளவனுக்குப் பாட்டு பாடுறவன், குளிர்காலத்துல ஒருத்தனோட துணியை உருவுறவன் மாதிரின்னு அங்க எழுதியிருக்கு. வேதபுத்தகத்துலயே இருக்கு இது. யாக்கோபு 5:13 எவ்வளவு நிதானமா சொல்லுது பாருங்க, துன்பப்பட்டா ஜெபம் பண்ணு, மகிழ்ச்சியா இருந்தா சங்கீதம் பாடு. சங்கீதம் 88-ன்னு ஒண்ணு இருக்கு, ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் அழுகைதான், மத்த புலம்பல் பாட்டு மாதிரி கடைசியில "ஆனாலும் துதிப்பேன்"னு திரும்பாது, இருட்டுலயே முடியும். அதையும் கோராகின் புத்திரர் பாட்டாத்தான் எழுதி இராகத்தலைவன்கிட்ட கொடுத்திருக்காங்க. தேவாலயத்துல பாடுறதுக்கு! நம்ம சபைகள்ல ஆராதனைக்கு பாட்டு செலக்ட் பண்றவங்க யாராவது இந்த மாதிரி ஒரு பாட்டை எடுத்திருக்கோமா? நானும் பல வருஷம் எடுத்ததில்ல, எல்லாம் வெற்றிப் பாட்டாவே எடுத்தேன், அழுதுகிட்டு வந்தவங்களுக்கு அந்தக் காலை ஆராதனையில ஒரு வரி கூட கிடைச்சிருக்காது. அதை நினைச்சா இப்பவும் வருத்தமா இருக்கு.

எங்க அம்மா கடைசி ரெண்டு வருஷம் மறதி நோயில இருந்தாங்க. முதல்ல எங்க பேரை மறந்தாங்க, அப்புறம் பேச்சே போச்சு. ஒரு நாள் சாயந்திரம் அவங்களுக்கு தலை வாரிவிட்டுகிட்டு இருந்தேன், சும்மா வாய்க்குள்ள ஒரு கீர்த்தனையை முனகிட்டு இருந்தேன், அவங்க எங்களுக்கு சின்ன வயசுல சொல்லிக்கொடுத்ததுதான். பல்லவி முடிஞ்சு அனுபல்லவிக்கு எனக்கு வார்த்தை மறந்து போய் நிறுத்திட்டேன். அவங்க பாடினாங்க. குரல் உடைஞ்சு போய், ஆனா வார்த்தை ஒண்ணு கூட தப்பாம. சீப்பைப் பிடிச்ச கை அப்படியே நின்னுடுச்சு எனக்கு. மோசே சாகப்போற நேரத்துல கர்த்தர் அவர்கிட்ட ஒரு பாட்டை எழுதச் சொல்றார், அதை ஜனங்களுக்குப் படிப்பிச்சு அவங்க வாயில போடச் சொல்றார், அது அவங்க சந்ததியோட வாயிலிருந்து மறந்துபோகாதுன்னும் சொல்றார், உபாகமம் 31-ல. நான் அதைக் கண்ணால பாத்தேன்.

எதுக்கு சொல்றேன்னா தங்கச்சி, இத்தனை வருஷம் நீங்க பாடின பாட்டெல்லாம் உள்ளதான் இருக்கு. இப்போ வாய்க்கு வரலன்னா பரவாயில்ல. உக்காந்தே இருங்க, கண்ணீர் வந்தா வரட்டும், சுத்தி இருக்கிற சபை உங்களுக்காகவும் சேர்த்துப் பாடட்டும். சபைன்னா அதுக்குத்தானே. கையைத் தூக்க வர்றவங்ககிட்ட "நீங்க பாடுங்க, நான் கேக்குறேன்"னு சொல்லிடுங்க.

ஆராதனையில அழுறேன், உடம்பு சிலிர்க்குது. என் ரூம்மேட் இதெல்லாம் வெறும் மியூசிக் எஃபெக்ட், எந்த கச்சேரியிலயும் இது நடக்கும்னு சொல்றான். எது உணர்ச்சி, எது ஆவியானவர்னு எப்படி கண்டுபிடிக்கிறது? — கல்லூரி மாணவர்

உங்க ரூம்மேட் சொல்றதுல பாதி உண்மை தம்பி, அதை ஒத்துக்க பயப்பட வேணாம். சேர்ந்து பாடும்போது மூச்சு ஒண்ணா இறங்கி ஏறுது, நீளமான வரி உள்ள மெதுவான பாட்டுன்னா மூச்சு தானா நிதானமாகும். 2013-ல ஸ்வீடன்ல கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்துக்காரங்க சேர்ந்து பாடுறவங்களோட இதயத்துடிப்பை அளந்து பாத்தப்போ, ஒரே பாட்டைப் பாடுறவங்க துடிப்பு ஒண்ணா கூடிக் குறையுறதை பாத்தாங்க. இது விசுவாசி, அவிசுவாசின்னு பாக்காது. கீபோர்டுல நீளமா இழுக்கிற ஒரு பேட் (pad) சவுண்டை கீழ ஓட விட்டு, கடைசி பல்லவியை ஒரு ஸ்கேல் ஏத்தினா யாருக்கும் சிலிர்க்கும். நான் வாசிக்கிறவ, எனக்கு அது நல்லாவே தெரியும்.

இந்தக் கேள்வி புதுசும் இல்ல. 386-ல மிலான் நகரத்துல, ராஜமாதாவோட ஆட்கள் கோயிலைப் பிடுங்க வந்தப்போ, அம்புரோஸ் பிஷப்போட சேர்ந்து சபை ராத்திரி பகலா உள்ளயே இருந்துச்சு. ஜனங்க சோர்ந்துடக் கூடாதுன்னு அப்பத்தான் அங்க சபையா சேர்ந்து பாடுற பழக்கத்தைக் கொண்டுவந்தாங்கன்னு ஆதி சபையோட பெரிய போதகர் அகஸ்தீன் எழுதியிருக்கார். அந்தப் பாட்டுகளைக் கேட்டு தாரைதாரையா அழுதேன்னும் அவரே சொல்றார். அதே அகஸ்தீன் இன்னொரு இடத்துல, பாடப்படுற விஷயத்தை விட பாடுற குரல் என்னை அதிகமா அசைச்சா நான் பாவம் செஞ்சேன், அப்போ அந்தப் பாட்டைக் கேக்காமலே இருந்திருக்கலாம்னு நினைப்பேன்னு எழுதுறார். ரெண்டையும் ஒரே மனுஷன்தான் எழுதுறார், பாட்டை விட்டுடவும் இல்ல.

அதனால நான் உங்களுக்கு சொல்றது, அழுகையை சந்தேகப்படாதீங்க, அதை ஆதாரமாவும் எடுத்துக்காதீங்க. நம்மளைப் படைச்சவர்தானே சிலிர்க்கிற தோலையும் படைச்சாரு. பவுல் சொன்ன மாதிரி "ஆவியோடும் பாடுவேன், கருத்தோடும் பாடுவேன்." அன்னைக்கு ராத்திரி ரூமுக்குப் போனதும் நீங்க அழுத பாட்டோட வார்த்தையை இசை இல்லாம ஒரு பேப்பர்ல எழுதிப் பாருங்க. அந்த வார்த்தை உண்மையா, வசனத்தோட ஒத்துப்போகுதா, அதை நாளைக்கு காலையில கர்த்தர்கிட்ட சாதாரண குரல்ல சொல்ல முடியுதான்னு பாருங்க. முடிஞ்சா நல்லது. சில பாட்டுல எழுத ஒண்ணுமே இருக்காது, அதுவும் தெரிஞ்சுடும்.

தினமும் பஸ்ல ஹெட்போன்ல ஒரு மணி நேரம் ஆராதனைப் பாட்டு கேக்குறேன். இது ஜெப நேரத்துல சேருமா?

கேக்குறது நல்லது, விடாதீங்க. ஆனா எபேசியர் 5:19-ல "ஒருவருக்கொருவர் புத்திசொல்லிக்கொண்டு"ன்னு இருக்கு, அதுக்கு பக்கத்துல இன்னொருத்தர் வேணும், உங்க வாயும் திறக்கணும். ஒரு மணி நேரத்துல ஒரு பாட்டுக்காவது போனை அணைச்சுட்டு நீங்களே மெதுவா பாடுங்க.

எங்க வாலிபர் குழு வேற மொழி பேசுற மக்கள் நடுவுல ஊழியத்துக்குப் போகப் போறோம். நம்ம ஆராதனைப் பாட்டு பத்தை அவங்க மொழியில மொழிபெயர்த்து, கிட்டார், சவுண்ட் சிஸ்டம் எல்லாம் ரெடி பண்ணிட்டோம். பாட்டு ஊழியம் மிஷனுக்கு எவ்வளவு உதவும்? — வாலிபர் குழு செயலாளர்

கேள்வியைப் பாத்ததும் சந்தோஷமாவும் இருந்துச்சு, கொஞ்சம் பயமாவும் இருந்துச்சு. சந்தோஷம் ஏன்னா மிஷன் பிறந்ததே ஆராதனையிலதான். அந்தியோகியா சபையில "அவர்கள் கர்த்தருக்கு ஆராதனைசெய்து, உபவாசித்துக்கொண்டிருக்கிறபோது"தான் பர்னபாவையும் சவுலையும் பிரிச்சு விடுங்கன்னு ஆவியானவர் சொல்றார், அப்போஸ்தலர் 13. யாரை எங்க அனுப்பலாம்னு பிளான் போடுற மீட்டிங் ஒண்ணும் நடந்ததா அங்க இல்ல. கர்த்தரைப் பாத்துகிட்டு இருந்தாங்க, அவரு ஜனங்களைக் காட்டினாரு.

ஜெர்மனியில ஹெர்ன்ஹூட்னு ஒரு சின்ன குடியேற்றம், மொராவியாவுல இருந்து துரத்தப்பட்ட அகதிகள், தச்சங்க, குயவங்க மாதிரி கைத்தொழில்காரங்கதான் அதிகம். அவங்களுக்குள்ளயே சண்டை. 1727 ஆகஸ்ட் 13-ம் தேதி ஒரு நற்கருணை ஆராதனையில உடைஞ்சு ஒப்புரவானாங்க. அதே மாசம் மணிக்கு மணி ஆள் மாத்தி மாத்தி ஆரம்பிச்ச ஜெபம் நூறு வருஷத்துக்கு மேல நிக்காம ஓடுச்சு. அவங்ககிட்ட பாட்டுக்கூட்டம்னே தனியா உண்டு, இந்தப் பாட்டுல ஒரு சரணம், அந்தப் பாட்டுல ஒரு சரணம்னு கோர்த்து ஒரு பிரசங்கம் மாதிரியே கொண்டு போவாங்க. அந்த ஜெபமும் பாட்டும் நடந்த இடத்துல இருந்துதான் 1732-ல ரெண்டு பேர், ஒருத்தர் குயவர், இன்னொருத்தர் தச்சர், கரீபியன் தீவுல அடிமைகளா இருந்தவங்களைத் தேடி கிளம்பினாங்க.

அவங்க பாட்டு ஒரு மிஷனரியையே மாத்தியிருக்கு. பின்னாடி மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கின ஜான் வெஸ்லி அமெரிக்காவுக்கு மிஷனரியா போற கப்பல், 1736 ஜனவரி 25. மொராவியங்க ஆராதனை ஆரம்பிச்சு சங்கீதம் பாடிட்டு இருக்காங்க, ஒரு பெரிய அலை வந்து பாயைக் கிழிச்சு டெக்கை மூடுது, இங்கிலீஷ்காரங்க அலர்றாங்க, இவங்க நிறுத்தாம பாடிட்டே இருக்காங்க. அப்புறம் வெஸ்லி ஒருத்தர்கிட்ட போய் உங்களுக்கு பயமா இல்லையா, பெண்கள் குழந்தைகள் கூட பயப்படலையான்னு கேக்குறார், எங்க பெண்களும் குழந்தைகளும் சாக பயப்படமாட்டாங்கன்னு பதில் வருது. சுவிசேஷம் சொல்லப் போன ஆளுக்கு, அது தன்கிட்ட இன்னும் இல்லன்னு அந்தப் பாட்டு காட்டிக்கொடுத்துச்சு. யாரும் அவருக்காக கச்சேரி வைக்கல பாருங்க, அவங்க அவங்க கர்த்தருக்குப் பாடினாங்க, பக்கத்துல இருந்தவர் கேட்டாரு. பிலிப்பி சிறையிலயும் அதேதான் நடந்துச்சு.

இப்போ பயம் எதுக்குன்னு சொல்றேன். பத்து பாட்டும் நம்ம மெட்டு, வார்த்தை மட்டும் அவங்க மொழி, இல்லையா? நம்ம மெட்டுல அவங்க சொல் உக்காராது தம்பி, குறில் நெடிலா இழுபடும், சில மொழியில சுரம் மாறினா சொல்லோட அர்த்தமே மாறிடும். அதை விட பெரிய விஷயம், இவங்க தெய்வம் வெளியூர் தெய்வம்னு முதல் பாட்டுலயே நாம சொல்லிடுவோம். நமக்கே இது நடந்திருக்கு. ஜெர்மன் மெட்டுல தமிழைப் போட்டுப் பாடின ஞானப்பாட்டுகளை நம்ம முன்னோர்கள் பக்தியோட பாடினாங்க, நானும் அதைப் பாடித்தான் வளர்ந்தேன், குறை சொல்லல. ஆனா 1774-ல பிறந்த தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார், மிஷனரி சுவார்ட்ஸ்கிட்ட வளர்ந்தவர், ராகம் தாளத்தோட நம்ம கீர்த்தனை வடிவத்துல எழுதினப்போதான் அது திண்ணையிலயும் தொட்டில் பக்கத்துலயும் போய் உக்காந்துச்சு. குறத்தி வந்து குறி சொல்ற குறவஞ்சி நாடகத்தை எடுத்து கிறிஸ்துவைப் பாடியிருக்கார், யோசிச்சுப் பாருங்க எவ்வளவு துணிச்சல்! எங்க அம்மா வாயில கடைசி வரைக்கும் நின்னதும் கீர்த்தனைதான், மொழிபெயர்ப்பு மெட்டு இல்ல.

வீடா செனோவெத்னு ஒருத்தங்க, மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கிற மரிம்பா வாத்தியத்துல உலகப் பேர் எடுத்தவங்க. அந்த மேடையை விட்டுட்டு பப்புவா நியூ கினியாவுல உசருஃபா மக்கள் நடுவுல போய் பைபிள் மொழிபெயர்ப்புல இருந்தாங்க. அவ்வளவு பெரிய இசைக்கலைஞர் அங்க போய் தன் பாட்டைக் கத்துக்கொடுக்கல, அவங்க இசை எப்படி கட்டியிருக்குன்னு உக்காந்து படிச்சாங்க, பாட்டை அந்த மக்களே கட்டட்டும்னு சொன்னாங்க.

அதனால பத்து பாட்டுல எட்டை எடுத்து வைங்க. ரெண்டு போதும். சவுண்ட் சிஸ்டத்தையும் முதல் தடவை விட்டுட்டுப் போங்க. போய் அவங்க எப்போ பாடுவாங்க, தாலாட்டு எப்படி, துக்க வீட்டுல என்ன பாடுவாங்க, வேலை செய்யும்போது என்ன பாடுவாங்கன்னு கேட்டு உக்காருங்க. அங்க ஏற்கெனவே விசுவாசத்துக்கு வந்த ஒருத்தர் ரெண்டு பேர் இருந்தா, ஒரு சங்கீதத்தை வாசிச்சுக் காட்டி, இதை உங்க முறையில எப்படி பாடுவீங்கன்னு கேளுங்க. உடனே வராது, ஒரு வாரம் கூட ஆகலாம். வந்துச்சுன்னா அது உங்களுக்குப் புரியாம கூட இருக்கும், ராகம் உங்க காதுக்கு ஒட்டாது. அப்போ நீங்க கிட்டாரை எடுக்காம கூட உக்காந்து கத்துக்கணும். வெளிப்படுத்தல்ல சகல கோத்திரமும் பாஷைக்காரரும் ஆட்டுக்குட்டியானவர் முன்னாடி நிக்கிறாங்கன்னு படிக்கிறோமே, அந்தக் கூட்டத்துல அந்தக் குரலும் இருக்கணும்னுதானே நீங்க போறீங்க.

நான் எங்க சபையில வொர்ஷிப் லீடர். சொத்து விஷயத்துல என் அண்ணன்கூட மூணு வருஷமா பேச்சு இல்ல. ஸ்டேஜ்ல நின்னு அன்பைப் பத்திப் பாடும்போது உள்ள குத்துது. ஆனா ஜனங்க ஆசீர்வாதமா இருந்துச்சுன்னு சொல்றாங்க. ஊழியத்தை விட்டுடவா, இல்ல கர்த்தர் என்னைப் பயன்படுத்துறார்னு தொடரவா? — வொர்ஷிப் லீடர்

உள்ள குத்துறது கர்த்தரோட கிருபை தம்பி. குத்தாம போயிருந்தா நான் பயந்திருப்பேன். ஜனங்க ஆசீர்வாதம்னு சொல்றது அவங்களுக்குக் கர்த்தர் கொடுத்தது, அதை உங்களுக்கான சர்டிபிகேட்டா எடுத்துக்க முடியாது. ஆமோஸ் தீர்க்கதரிசி காலத்துலயும் இசை நல்லாத்தான் இருந்திருக்கும், ஆனா உன் பாட்டுகளோட இரைச்சலை என்னை விட்டு அகற்றுன்னு கர்த்தர் சொல்லிட்டாரு, அவருக்கு அங்க இரைச்சலாத்தான் கேட்டுச்சு, ஏன்னா நியாயம் இல்ல. இயேசு சொன்னது இன்னும் நேரா உங்களுக்கே சொன்ன மாதிரி இருக்கு, காணிக்கையைப் பலிபீடத்துகிட்டயே வச்சுட்டுப் போ, முதல்ல உன் சகோதரனோட ஒப்புரவாகு, அப்புறம் வந்து செலுத்து. உதடுகளின் கனியும் ஒரு பலிதான்னு எபிரெயர் 13 சொல்லுது, அதனால அதையும் அங்கயே வச்சுட்டுப் போகலாம்.

ஊழியத்தை ஒரேயடியா விடச் சொல்லல. உங்க போதகர்கிட்ட உள்ளதைச் சொல்லுங்க, ஒரு ரெண்டு மூணு வாரம் வேற யாராவது நடத்தட்டும், நீங்க கீழ உக்காந்து பாடுங்க. சொத்துல யாருக்கு எவ்வளவுங்கிறது ஒரு போன்ல தீராது, அதுக்குப் பெரியவங்களை வச்சுப் பேசணும், வருஷம் கூட ஆகலாம். ஆனா பேச்சு இல்லங்கிறது ஒரு போன்ல தீரும். அண்ணன் எடுக்கலன்னா மறுபடி போடுங்க, கோபமா பேசினா கேட்டுக்குங்க, சொத்தைப் பத்தி அன்னைக்கு ஒரு வார்த்தையும் எடுக்காதீங்க, அண்ணி எப்படி இருக்காங்க, பிள்ளைங்க என்ன படிக்கிறாங்கன்னு மட்டும் கேளுங்க. சனிக்கிழமை சாயந்திரம் ஆறு மணிக்கு ப்ராக்டிஸ்னு எழுதியிருக்கீங்க. அஞ்சு மணிக்கே கூப்பிட்டுடுங்க.